காலி எடையில் ஓர் ஆள்

அந்த வண்டியின் முகப்பில் இன்று மழை விழுந்தால் அதன் பின்பக்கம் நனைவதற்கு நாளை மதியம் ஆகிவிடும். ஓட்டுநர் தும்மினால், மூன்றாம் வரிசையில் இருப்பவர் அதைக் கேட்டு என்னாச்சு என்று விசாரிப்பதற்குள் அவருக்குச் சளியே குணமாகியிருக்கும். அவ்வளவு பெரிய வண்டி.

சரி, சரி. கொஞ்சம் ஊதித்தான் சொல்லியாகிவிட்டது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து இதைக் கேட்கும் மெக்கானிக் ஸ்பானர் இப்போதே நெளிகிறான். அவனுக்காக உள்ளதை உள்ளபடி: நீளம் ஐந்தேகால் மீட்டர். பக்கக் கண்ணாடிகளை மடக்கிவிட்டால் அகலம் இரண்டு மீட்டர். ஒரு நெட்டை ஆள் பக்கத்தில் நிமிர்ந்து நின்றால் கூரையும் அவர் உச்சந்தலையும் ஒரே மட்டம். மூன்று வரிசை இருக்கை, எட்டுப் பேர். எடை மட்டும் ஊதாமலே இரண்டாயிரத்து அறுநூறு கிலோவுக்கு மேல். இதற்குக் கீழே ஒரு சல்லிக்காசு அளவுகூடக் குறைக்க ஸ்பானர் விடமாட்டான்.

அந்த வண்டியை இரண்டு தடவை எடை போட்டவள் ஒருத்தி. கதை அவளுடையது.

அவளை எல்லோரும் எடையம்மா என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது. டயர் கடைகளும் வெல்டிங் பட்டறைகளும் நெருக்கியடித்த ஒரு தெருவின் கடைசியில் இருந்த வாகன அளவைக் கூடத்தில் அவளுக்கு வேலை. வாங்கிய வண்டியை வாங்கியபடி ஓட்டாமல், கூரையில் சாமான் தாங்கி, பக்கத்தில் படி, பின்னால் இழுவைக் கொக்கி என்று எதையாவது மாட்டிக்கொள்கிறவர்கள் முதலில் அங்கே வந்து அளந்துகொண்டு போக வேண்டும். அளவு சரியாக இருந்தால் முத்திரை. இல்லாவிட்டால் மாட்டியதைக் கழற்ற வேண்டியதுதான்.

கூடத்தின் நடுவில் வழவழவென்ற சிமெண்டுத் தரை. அதில் தரையோடு தரையாகப் பதித்த நான்கு இரும்புத் தட்டுகள், சக்கரத்துக்கு ஒன்று. ஓரத்தில் ஒரு கண்ணாடி அறை. அறைக்குள் ஒரு திரை, ஒரு மைக், ஒரு நாற்காலி, நாற்காலியில் எடையம்மா. வண்டி தட்டுகளின்மேல் ஏறி நின்றதும் திரையில் நான்கு எண்கள் வரும்; கீழே கூட்டுத்தொகை. முதலில் எண்கள் ஏறும், இறங்கும், தடுமாறும். பிறகு ஒரு நிலைக்கு வரும். வந்ததும் திரையின் மேலே ஒரு பச்சை விளக்கு எரியும். விளக்கு எரிந்தால்தான் அந்த எண் செல்லும்.

இந்தத் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு. 'காலி எடை' என்று எழுதுவார்களே, அது உண்மையில் காலி கிடையாது. எண்ணெய் நிரம்பிய தொட்டி, மாற்றுச் சக்கரம், கருவிப் பெட்டி எல்லாம் அதில் சேர்த்தி. அதோடு ஓர் ஓட்டுநரும் சேர்த்தி. அவருக்கு முகமில்லை, பெயரில்லை. எழுபத்தைந்து கிலோ என்ற ஒரு கணக்கு மட்டும் உண்டு. யாருமே இல்லாமல் சாலையோரம் பூட்டிக் கிடக்கிற வண்டிகூட, காகிதத்தில் பார்த்தால், ஓர் ஆளைச் சுமந்துகொண்டுதான் நிற்கிறது.

அந்த ஆள்தான் எடையம்மாவின் புருஷன்.

வண்டிகளைத் தட்டில் ஏற்றி இறக்கும் ஓட்டுநராக அவர் கூடத்தில் சேர்ந்தார். சேர்ந்த அன்று விளையாட்டாகத் தட்டின்மேல் ஏறி நின்றார். திரையில் எழுபத்தைந்து. கண்ணாடி அறைக்குள் இருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். கலியாணம் அங்கேயே பாதி முடிந்துவிட்டது. மீதிப் பாதியைப் பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அதுவரை ஓட்டுநருக்குப் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த கூடம், அன்று முதல் அவரையே இருக்கையில் உட்கார வைத்து எடை போட ஆரம்பித்தது. எடைக்கல் என்று பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது.

மனைவிக்கு அதிகாரம் கையில் வந்தால் கேட்க வேண்டுமா? காலையில் வேலைக்கு வந்ததும் முதல் வேலை, புருஷனைத் தட்டில் ஏற்றுவது. ஒரு கிலோ கூடினால், "செருப்பைக் கழட்டுங்க. ராத்திரி ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கிட்டப்பவே சொன்னேன்" என்பாள். குறைந்தால் தண்ணீர் பாட்டிலை நீட்டுவாள். "குடிங்க. முழுசா." வீட்டில் அவர் தட்டில் விழும் ஒவ்வொரு கரண்டியும் அரசாங்கக் கணக்குக்கு உட்பட்டது என்று அவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "எனக்குப் பசிக்குதான்னு யாரும் கேக்கறதில்ல. விதிமுறையில இடம் இருக்கான்னுதான் பாக்கறாங்க."

எடைக்கல்லுக்கு இரண்டு கெட்ட பழக்கங்கள். ஒன்று, மதியச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் எந்தப் பெரிய வண்டி நிற்கிறதோ அதன் மூன்றாம் வரிசையில் ஏறிப் படுத்துவிடுவது. காகிதத்தில் 'மூன்று பேர் அமரலாம்' என்று போட்டிருக்கும் அந்த வரிசையில், கால் உள்ள மனிதன் எவனும் உட்கார முடியாது என்பது அளவைக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் மட்டும் கால்களை மடக்கி, ஒருக்களித்து, மூட்டைப்பூச்சி மாதிரி இடுக்கில் ஒட்டிக்கொள்வார். மேனேஜர் தேடி வந்து எல்லா வண்டியிலும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். ஆள் கண்ணில் படாது.

இரண்டாவது பழக்கம், முழங்காலை ஆட்டுவது. உட்கார்ந்தால் போதும், தையல் எந்திரம் மிதிப்பது போல வலது முழங்கால் தானாக ஆடும். வீட்டில் ஆடினால் நாற்காலிதான் கிறீச்சிடும். இங்கே ஆடினால் முன் சக்கரத் தட்டுகள் ஒன்றுக்கொன்று எடையைப் பந்து மாதிரி வீசிக்கொள்ளும். பச்சை விளக்கு எரியவே எரியாது. எடையம்மா மைக்கில் கத்துவாள். அவர் நிறுத்துவார். அவள் பேனாவை எடுப்பதற்குள் மறுபடி ஆடும். கூடத்தில் அது தினசரி நிகழ்ச்சி. வண்டிக்காரர்கள் டீயோடு நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

அந்த வண்டி முதல் தடவை வந்தபோது அதன் இருக்கைகளில் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கப்படவில்லை. கரும்பச்சை நிறம். கூரையில் தாங்கி மாட்டிக்கொண்டு வந்திருந்தது. அந்த மாதிரி வண்டி கூடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. எடைக்கல் முன்னிருக்கையில் ஏறி, கூடவே வந்த விவரப் புத்தகத்தைப் புரட்டினார்.

"தண்ணியில எவ்வளவு ஆழம் வரைக்கும் போகலாம்னு போட்டிருக்கு பாரு. தொண்ணூறு சென்டிமீட்டராம்! எனக்கு இடுப்பு வரைக்கும் வரும். உனக்குக் கழுத்து."

"என்னை இறக்கி விட்டுட்டு நீங்க மட்டும் போங்க," என்றாள் எடையம்மா மைக்கில்.

"மூவாயிரத்து ஐநூறு கிலோ இழுக்குமாம். உங்க அம்மா வீட்டுக்காரங்க மொத்தப் பேரையும் ஒரு கயித்துல கட்டி..."

"ஆடாம உக்காருங்க முதல்ல. நம்பர் நிக்கல."

ஆடினார். அவள் மறுபடி சொன்னாள். அவர் மறுபடி ஆடினார். தட்டுகளுக்கு அந்தப் பக்கம், தூணோரம், ஸ்பானர் நின்றிருந்தான். கூடத்தின் மெக்கானிக். அப்போது இன்னும் கலியாணம் ஆகாதவன்; அக்கா, மாமா என்று இவர்கள் வீட்டிலேயே பாதி நாள் சாப்பிடுகிறவன். டீக்கு நேரமாகிவிட்டது என்று கடிகாரத்தையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எடையம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "கொஞ்ச நேரம் கல்லு மாதிரி உக்காந்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

எண்கள் நின்றன.

நான்கும் ஒரே நேரத்தில், ஆணி அடித்தது போல நின்றன. பச்சை விளக்கு எரிந்தது. அவளுக்கே ஆச்சரியம். "அப்பாடா! இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் சொன்ன பேச்சு கேட்டிருக்கீங்க," என்று மைக்கில் பெருமையாகச் சொன்னாள். எண்களை எழுதிக்கொண்டாள். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்து அளந்தாள். பின் பம்பரின் உயரம். தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் இடைவெளி. இரண்டு சக்கர அச்சுக்கும் நடுவே மூன்று மீட்டருக்கு மேல். குனிந்து, நிமிர்ந்து, குனிந்து, ஒருவழியாக ஓட்டுநர் கதவுக்கு வந்தாள்.

"போதும், இறங்குங்க," என்றாள்.

அவர் இறங்கவில்லை.

இதயம் என்றார் டாக்டர். நிமிஷக் கணக்குதான், வலி தெரிந்திருக்காது என்றார். எந்த நிமிஷம் என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. தனக்குத் தெரியும் என்று எடையம்மா நினைத்தாள். எண்கள் நின்ற நிமிஷம். கல்லு மாதிரி உட்காரச் சொன்னாள். உட்கார்ந்துவிட்டார். வாழ்நாளில் ஒரு தடவையும் கேட்காத பேச்சைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். உயிர் போனபோது திரையில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. எழுபத்தைந்து எழுபத்தைந்தாகவே நின்றது. அதைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள். பாராட்டியும் இருக்கிறாள்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஏனென்றால் அதற்குப் பிறகு அவளுக்குப் பச்சை விளக்கைக் கண்டால் ஆகவில்லை.

விளக்கு எரிய வேண்டும் என்றுதான் உலகமே அங்கே காத்துக்கொண்டிருக்கும். எரிந்ததும் எடையம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடுவாள். வண்டியின் சன்னலில் முகத்தை ஒட்டி வைத்து உள்ளே பார்ப்பாள்.

"மூச்சு விடறீங்களா?"

"ஏம்மா, விடக்கூடாதா? அதுக்கும் எடை உண்டா?" என்பார் உள்ளே இருப்பவர், வெலவெலத்துப்போய்.

ஒருவர் காதில் பாட்டுக் கேட்டபடி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவள் கதவைத் திறந்து அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியதில், அவருக்கே நெஞ்சு வலி வரப் பார்த்தது. புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். மேனேஜர் நல்ல மனுஷன். இனி ஆளே வேண்டாம் என்று பழையபடி மூன்று மணல் மூட்டைகளை வரவழைத்தார். மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வழுக்காமல் இருக்க சீட் பெல்ட்டும் போட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தலையில்லாத ஒரு குள்ள மனிதர் வண்டி ஓட்டக் காத்திருப்பது போல இருக்கும்.

அது முன்னைவிட மோசமாகப் போயிற்று. ஒரு நாள் அளந்து முடித்துவிட்டு எடையம்மா ஓட்டுநர் கதவைத் திறந்து, "போதும், இறங்குங்க," என்றாள். சொன்ன பிறகுதான் தான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். மூட்டை அசையாமல் உட்கார்ந்திருந்தது. நன்றாகச் சொன்ன பேச்சு கேட்கிற மூட்டை.

வீட்டிலும் அதே கதைதான். மெத்தையில் அவர் படுத்த பக்கம் பள்ளம் விழுந்திருந்தது. எத்தனையோ தடவை திருப்பிப் போட்டும் பள்ளம் போகவில்லை. இவள் இந்த ஓரத்தில் படுத்தால் விடியும்போது அந்தப் பள்ளத்தில் இருப்பாள். சாப்பிடும் மேசையில் எதிர் நாற்காலியைக் கொஞ்சம் இழுத்தே போட்டு வைத்திருந்தாள். சில நேரம் அது லேசாகக் கிறீச்சிட்டது போல இருக்கும். கையில் எடுத்த கவளத்தோடு காத்திருப்பாள். பிறகு ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றுமில்லாததுதான் அவளுக்குப் பயம். பேய்க்கு அவள் பயப்பட்டதாகச் சொன்னால் அது சுத்தப் பொய். பேய் வந்தால் வாசலில் நின்று வரவேற்றிருப்பாள்.

நாளாக ஆக, ஒரு வண்டிக்கு எடை போட அரை நாள் ஆயிற்று. விளக்கு எரிந்ததும் வெளியே வந்து வண்டியைக் கையால் ஓர் உலுக்கு உலுக்குவாள். எண்கள் ஆடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் அவளுக்கு மூச்சு வரும். அப்புறம் நிற்கும். மறுபடி உலுக்குவாள். வாசலில் வண்டிகள் வரிசை கட்டின. கடைசியில் மேனேஜர் கண்ணாடி அறைக்குள் வந்து, எதிரே உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே பேசினார்.

"தட்டுப் பக்கம் வேணாம்மா. முன்னாடி கவுண்ட்டர்ல உக்காந்து காகிதம் வாங்கிப் போடுங்க. நாளையிலேருந்து."

"என்னைப் பைத்தியம்னு நினைக்கிறீங்களா சார்?"

"சேச்சே. உங்களுக்கு ஓய்வு வேணும்னு நினைக்கிறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் சார்," என்றாள் எடையம்மா.

ஸ்பானர் அப்போது தூணோரம் நின்று கையைக் கழிவுத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். கை சுத்தமாகத்தான் இருந்தது. அவன் எடைக்கல் போன நாள் முதல் அந்தக் கண்ணாடி அறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. வீட்டுக்குச் சாப்பிட வருவதையும் நிறுத்திவிட்டான். பாவம், மாமாவை நினைத்து வருத்தப்படுகிறான் என்று எடையம்மாவும் விட்டுவிட்டாள்.

தட்டுப் பக்கம் அவளுக்கு அதுதான் கடைசி நாள். மதியச் சாப்பாட்டு நேரம். மேனேஜர் வெளியே போயிருந்தார். வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. பின்னால் புதிதாக இழுவைக் கொக்கி மாட்டியிருந்தது. ஓட்டி வந்தவர் சாவியைக் கொடுத்துவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

கரும்பச்சை.

ஒரே நிறத்தில் எத்தனையோ வண்டி இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாவியோடு வந்த காகிதத்தைப் பிரித்துப் பார்த்தாள். சேஸி எண்ணின் கடைசி நாலு இலக்கம் அவளுக்குத் தன் பிறந்த நாளைவிட நன்றாகத் தெரியும். அதேதான்.

ஸ்பானருக்கும் தெரிந்துவிட்டது. வண்டியைத் தட்டுகளில் ஏற்றி நிறுத்தினான். இறங்கினான். கதவைச் சாத்தினான். மூட்டைகளை எடுத்து வர உள்ளே போனான்.

வண்டிக்குள் யாருமில்லை. எடையம்மா திரையைப் பார்த்தாள்.

ஓட்டுநர் பக்க முன் சக்கரம் கொஞ்சம் ஏறியது. எதிர்ப்பக்கம் அதே அளவு இறங்கியது. பிறகு இது இறங்கி அது ஏறியது. நின்றது. மறுபடி ஆரம்பித்தது. பச்சை விளக்கு எரிய வருவதும், எரியாமல் போவதுமாக இருந்தது. அந்தக் கணக்கு அவளுக்குப் பழக்கமான கணக்கு. பல வருஷம் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறாள்.

அவள் ஓடவில்லை. மெதுவாக எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, வெளியே வந்து, ஓட்டுநர் கதவைத் திறந்தாள். இருக்கை காலியாக இருந்தது. தோல் உறையில் சூடு இருந்தது. ஸ்பானர் உட்கார்ந்த சூடாக இருக்கலாம். எங்கோ கீழே, வண்டியின் வயிற்றிலிருந்து, நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது.

"நீங்களா?" என்றாள்.

மறுபடி ஒரு பெருமூச்சு. வண்டி அவள் பக்கமாக ஒரு விரற்கடை தாழ்ந்தது.

மூட்டையோடு வந்த ஸ்பானர், அக்கா காலி வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணீரோடு நிற்பதைப் பார்த்ததும் மூட்டையைப் போட்டுவிட்டான்.

"அக்கா, அது காத்து. அக்கா! இங்க பாருங்க. இந்த வண்டிக்கு இரும்பு ஸ்பிரிங் கிடையாது. நாலு மூலையிலயும் ரப்பர் பை, உள்ள காத்து. ஒரு பக்கம் தாழ்ந்தா பம்ப்பு காத்தடிச்சு சமம் பண்ணும். இன்ஜினை அணைச்ச பிறகும் கொஞ்ச நேரம் அதுபாட்டுக்கு சரி பண்ணிக்கிட்டே இருக்கும். அதுக்கு லாக் இருக்கு. அதை அமுக்கிட்டுத்தான் எடை போடணும். நான்தான் மறந்துட்டேன்."

உள்ளே சாய்ந்து எதையோ அமுக்கினான். பெருமூச்சு நின்றது. கண்ணாடி அறைக்குள் பச்சை விளக்கு எரிந்தது.

எடையம்மா விளக்கைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் வண்டியை உலுக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"இந்த லாக் இருக்குன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"இந்த மாதிரி வண்டி நிறைய வர ஆரம்பிச்ச பிறகு. போன வருஷம்தான் ஒருத்தர் சொன்னாரு."

"அப்ப அன்னைக்கு நீ லாக் போடல."

"...போடல."

"காலி வண்டியே இந்த ஆட்டம் ஆடுது. அன்னைக்கு உங்க மாமாவும் உள்ள இருந்தாரு. உயிரோட இருந்தாலும் சரி, போயிருந்தாலும் சரி, வண்டி ஆடியிருக்கணும். அன்னைக்கு எப்படிடா நாலு நம்பரும் ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு?"

ஸ்பானர் கழிவுத் துணியைத் தேடினான். கிடைக்கவில்லை. சட்டையிலேயே கையைத் துடைத்தான். பிறகு தூணைக் காட்டினான். தூணில் ஒரு சின்னப் பெட்டி. அதில் ஒரு பொத்தான். எழுதி முடிப்பதற்குள் வண்டி இறங்க வேண்டி வந்தால், திரையில் இருக்கும் எண்ணை அப்படியே நிறுத்தி வைப்பதற்கான ஹோல்ட் பொத்தான். அமுக்கினால் எண் உறைந்துவிடும். பச்சை விளக்கும் எரியும். அதற்கப்புறம் தட்டின்மேல் யானை ஏறினாலும் திரைக்குத் தெரியாது.

"காலையிலேருந்து நீங்க ரெண்டு பேரும் அதே சண்டை. டீக்கு நேரமாச்சு. ஒரு கிலோ முன்ன பின்ன இருந்தா என்னன்னு நான்தான் அமுக்கிட்டேன்க்கா."

அவள் தூணிலிருந்த பெட்டியை உற்றுப் பார்த்தாள்.

"அமுக்கினதை மாமா பாத்துட்டாரு. வண்டிக் கண்ணாடி வழியா என்னைப் பாத்து உதட்டு மேல விரல் வச்சாரு, சொல்லாதேன்னு. முழங்கால் அப்பவும் ஆடிக்கிட்டுதான் இருந்துச்சு. நீங்க மைக்ல சொன்னீங்களே, இன்னைக்குத்தான் சொன்ன பேச்சு கேட்டிருக்கீங்கன்னு... அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கிட்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு. வண்டியே ஆடுச்சு. அப்புறம் நான் டீ வாங்கப் போயிட்டேன்."

"இத்தனை நாள் ஏன்டா சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது? நான் அமுக்காம இருந்திருந்தா, அவர் சாஞ்சப்ப நம்பர் துள்ளியிருக்கும். நீங்க பாத்திருப்பீங்க. உடனே தூக்கிட்டுப் போயிருக்கலாம்." முரட்டு ஆள், டயரை ஒற்றைக் கையில் தூக்குகிறவன். தூணில் முகத்தை வைத்துக்கொண்டான்.

எடையம்மா வண்டியின் பின்பக்கம் நடந்து போனாள். பின் பம்பரில் கையை வைத்தபடி, அவ்வளவு தூரத்திலிருந்து பேசினாள்.

"டேய். இங்க நின்னுக்கிட்டு இருந்தேன்டா நான். டேப்பும் கையுமா. எண்ணை எழுதினதும் வெளிய வந்துட்டேன். நம்பர் துள்ளியிருந்தாலும், குதிச்சிருந்தாலும், அந்த அறையில அதைப் பாக்க யாரு இருந்தா?"

ஸ்பானர் நிமிர்ந்தான். கண்ணாடி அறையைப் பார்த்தான். காலி நாற்காலியைப் பார்த்தான். இத்தனை நாளில் இது அவனுக்குத் தோன்றவே இல்லை. பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு நாற்காலி எப்படிக் கண்ணில் படும்?

"அப்ப உங்க மாமா," என்றாள் அவள், ஒவ்வொரு சொல்லாக, "நான் சொன்னதைக் கேக்கவே இல்ல."

"மாமா எப்பக்கா கேட்டிருக்காரு?"

எடையம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க அழுகை வந்தது. அழுதுகொண்டே, "ஏமாத்துக்காரன், கடைசி நாள் வரைக்கும் ஏமாத்துக்காரன்," என்று புருஷனைத் திட்டினாள். டேப்பால் ஸ்பானரின் தோளில் இரண்டு போட்டாள். இன்று ராத்திரி ஒழுங்காக வீட்டுக்கு வந்து சாப்பிட வேண்டும், வராவிட்டால் நடப்பதே வேறு என்றாள். மேனேஜர் திரும்பி வந்தபோது, "கவுண்ட்டருக்கு வேற ஆளைப் பாருங்க சார்," என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தாள். அந்த மனுஷனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலே தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அதற்கு முன்னால் நடந்ததுதான் முக்கியம். மேனேஜர் வருவதற்கு முன், லாக் போட்டபடி, மூட்டை வைக்காமல், உள்ளே ஒரு ஈ காக்கை இல்லாமல் அந்த வண்டி தட்டுகளின்மேல் நின்றது. எடையம்மா கண்ணாடி அறைக்குள் வந்து உட்கார்ந்தாள். ஸ்பானரும் வந்து, இத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். எண்கள் நின்றன. பச்சை விளக்கு எரிந்தது. அவள் ஓடவில்லை. மைக்கைப் பக்கத்தில் இழுத்தாள்.

"கல்லு மாதிரி எல்லாம் உக்கார வேணாம்," என்றாள். "நல்லா ஆடுங்க. உங்க இஷ்டம்."

பச்சை விளக்கு அணைந்தது. ஓட்டுநர் பக்க முன் சக்கர எண் லேசாக ஏறியது, இறங்கியது, ஏறியது. தையல் எந்திரம் மிதிப்பது போல.

இவ்வளவையும் எழுதி முடித்துப் படித்துக் காட்டியாயிற்று. எடையம்மா சோபாவில் சாய்ந்தபடி கேட்டாள். நடுவில் ஒரு தடவைகூட மறுக்கவில்லை. ஸ்பானர்தான் காலிக் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். பேய், ஆவி எதையும் நம்பாதவன். நிலா வெளிச்சத்தைக்கூட அளந்து பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வான். கடைசிப் பத்திதான் அவனுக்குப் பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. சரி, ஊதியது போதும், வண்டி அசையவே இல்லை என்று சொல்லப் போகிறான், சொல்லட்டும், அடித்துவிடலாம் என்று என் பேனாவும் தயாராக இருந்தது.

"பெரியம்மா, அந்தக் கடைசி இடம் தப்பு. முன் சக்கரம் ஆடல. நான் பக்கத்துலதான நின்னேன்? முன்னாடி ரெண்டும் அப்படியே நின்னுச்சு." கோப்பையைக் கீழே வைத்தான். "ஆடினது பின்னாடி. மூணாவது வரிசைப் பக்கம். மதியச் சாப்பாட்டு நேரம் பாருங்க."